மோட்டார் மேளமும் மரபுக் காவலர்களும்

‘மரபே கெட்டுப்போச்சு’ என்று யாராவது அலுத்துக்கொண்டால், எந்த வருஷத்து மரபு என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். அனேகமாகப் பதில் வராது. வந்தாலும் அது சொல்பவரின் தாத்தா காலத்தைத் தாண்டாது. தாத்தா சின்ன வயதில் பார்த்தது எப்படி இருந்ததோ, சங்க காலத்திலிருந்தே அப்படித்தான் இருந்தது என்று நம்புவதில் நமக்கு ஒரு சுகம். கச்சேரி மேடையில் சாக்ஸபோன் ஏறினால் மரபு போச்சு, குடமுழுக்கில் தமிழ் ஒலித்தால் மரபு போச்சு, நாட்டியத்தில் புதிதாக ஒரு பதம் சேர்த்தால் மரபு போச்சு.

இந்தப் புலம்பலுக்கு அடியில் ஒரு கொள்கை இருக்கிறது. முன்னோர் முழுசாகச் செய்து முடித்துக் கையில் கொடுத்துவிட்டுப் போன பொருள்தான் மரபு. அதைக் கீறல் விழாமல் அடுத்த தலைமுறைக்குக் கடத்துவதுதான் நம் வேலை. பழையபடி இருந்தால் மரபு, மாறினால் சிதைவு. சபா மலர்களிலும் கோயில் விழாச் சொற்பொழிவுகளிலும் அரங்கேற்ற அழைப்பிதழ்களிலும் ஓயாமல் சொல்லப்படுவது இதுதான். படித்தவர், பாமரர் என்ற வித்தியாசமில்லாமல் எல்லோரும் தலையாட்டும் கருத்து. இது பிழையான கருத்து. அதைவிட மோசம், மரபில் எது நிஜமாகவே செத்துக்கொண்டிருக்கிறதோ அதைப் பார்க்கவிடாமல் இது கண்ணை மறைக்கிறது.

சாயரட்சை வேளையில் நடுத்தரமான ஒரு சிவன் கோயிலுக்குப் போய் நில்லுங்கள். மண்டபத்து மூலையில் ஓர் இரும்புச் சட்டம். அதில் ஒரு முரசு, இரண்டு மணி, ஒரு சேகண்டி, பின்னால் சின்னதாக ஒரு மோட்டார். ‘உபயம்’ என்று போட்டு ஒரு குடும்பத்தின் பெயர் சிவப்புப் பெயின்டில். குருக்கள் தீபாராதனைத் தட்டைக் கையில் எடுத்ததும் பக்கத்தில் நிற்கும் பையன் சுவிட்சைத் தட்டுகிறான். தடதடவென்று ஒரே அடி. அபிஷேகத்துக்கும் அதே அடி, அர்த்தசாமத்துக்கும் அதே அடி. சுவிட்சை அணைத்தால் பாதி அடியில் நின்றுவிடும். கன்னத்தில் போட்டுக்கொண்டு எல்லோரும் திருநீறு வாங்கிக்கொள்கிறோம்.

இந்த இடத்தில் இருந்தவர் யார்? நாயனக்காரர், தவில்காரர், ஒத்து ஊதும் பையன், தாளம் போடுபவர். பெரிய மேளம் என்று பெயர். சுவாமி எழுந்ததற்குப் பூபாளம், இரவு பள்ளியறைக்கு நீலாம்பரி என்று நேரத்துக்கு ஒரு ராகம் அவர்களிடம் இருந்தது. புறப்பாட்டுக்கு மல்லாரி. சாகித்யம் கிடையாது, கம்பீரநாட்டையில், தாளக் கணக்கில் கட்டிய வெறும் சொற்கட்டு. அதையே மூன்று காலத்தில் ஏற்றி இறக்கி வாசிப்பார்கள். அதிலும் தேருக்கு ஒன்று, தீர்த்தம் கொண்டுவர ஒன்று, மடைப்பள்ளியிலிருந்து நைவேத்தியம் வருவதற்குத் தளிகை மல்லாரி என்று தனியாக ஒன்று. சன்னிதித் தெருவில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் கிழவிக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. காது சொல்லிவிடும். சுவாமி தூக்குபவர்களின் நடையைப் பார்த்து வாசிப்பார்கள், வாசிப்பைக் கேட்டு அவர்கள் நடப்பார்கள். திருப்பத்தில் ஆலாபனைக்காகச் சுவாமியே நிற்பார்.

அத்தனையும் போய் அந்த இடத்தில் ஒரு மோட்டார் உட்கார்ந்தபோது எந்த மரபுக் காவலரும் வழக்குப் போட்டதாக எனக்குத் தெரியாது. ஏன் போடவில்லை? அவர்கள் கையில் இருக்கும் அளவுகோலின்படி எதுவும் குறையவில்லை. தீபாராதனை வேளையில் சத்தம் வர வேண்டும் என்பது வழக்கம், சத்தம் வருகிறது. வடிவம் பத்திரமாக இருக்கிறது. ஆள்தான் இல்லை.

ஆளைப் பற்றிப் பழங்காலம் என்ன நினைத்தது என்று தெரிந்துகொள்ள அதிக தூரம் போக வேண்டாம். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் இருக்கின்றன. திருப்பதியம் விண்ணப்பிக்க 48 பேரை ராஜராஜன் நியமித்தான். கூடவே உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டி மத்தளம் வாசிக்க ஒருவர். ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று குறுணி நெல். கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர், ஒவ்வொருவர் பெயரோடும், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பதோடும் கல்லில் இருக்கிறார்கள். ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். ஒருவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ அடுத்த உறவினர் அந்த வேலையைச் செய்து பங்கைப் பெறலாம். அந்த உறவினருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள வேறு ஒருவரை வைக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது.

இத்தனை விவரமாக எழுதியவர்கள் எந்தப் பண்ணை எப்படி இழுக்க வேண்டும், கையை எப்படி வைத்து அபிநயம் பிடிக்க வேண்டும் என்று எழுதவில்லை. எழுத வேண்டும் என்று தோன்றவும் இல்லை. ஆள், கூலி, வாரிசு, தகுதி, இந்த நான்கைக் கட்டிவைத்துவிட்டால் பாட்டை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை. இன்றைய மரபுப் பேச்சு இதைத் தலைகீழாகப் புரட்டிவிட்டது. எப்படிப் பாட வேண்டும் என்று ஆளுக்கு ஆள் தீர்ப்புச் சொல்கிறோம். பாடுகிறவருக்கு என்ன கொடுக்கிறோம், அவருக்குப் பிறகு யார் என்பது யாருக்கும் மரபுப் பிரச்சினையாகப் படுவதில்லை.

சரி, வடிவமாவது மாறாமல் வந்ததா? நாயனத்தையே எடுத்துக்கொள்வோம். திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்கு (1898–1956) முன்னால் பெரும்பாலும் இருந்தது திமிரி: நீளம் குறைவு, சுருதி ஏற்றம். பக்கத்தில் நரசிங்கம்பேட்டையில் நாயனம் கடையும் ஆசாரிகளில் ரங்கநாதன் ஆசாரி அவருக்கு வாய்த்த நண்பர். சுத்த மத்தியமம் சரியாகப் பேச வேண்டும் என்று ராஜரத்தினம் கேட்க, துளைகளின் இடத்தைத் திருத்தி அவர் செய்துகொடுத்த நீளமான பாரி நாயனம்தான் இன்று எல்லோர் கையிலும் இருக்கிறது. ஒத்துக்குப் பதில் தம்புராவை வைத்துக்கொண்டவர் ராஜரத்தினம். நாயனக்காரர் நின்றுதான் வாசிக்க வேண்டும் என்று இருந்ததை மாற்றி மேடையில் சமமாக உட்கார்ந்து வாசித்ததும், தலைமுடியைக் கிராப்பு வெட்டிக்கொண்டதும் அவர்தான். அன்றைக்கும் மரபு போச்சு என்று முணுமுணுத்தவர்கள் இருந்திருப்பார்கள். இன்று நாயன மரபு என்றால் முதலில் வாயில் வருவது அவர் வாசித்த தோடிதான். தவிலும் அப்படியே. மூங்கில் வளையத்தில் தோல் வாரை முறுக்கிக் கட்டிய தவில் போய், எஃகு வளையமும் போல்ட்டும் வந்துவிட்டன.

மாறாததும் உண்டு. நரசிங்கம்பேட்டையில் நாயனம் கடைவது ஆச்சா மரத்தில். புதுமரம் ஆகாது. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் உத்தரம், தூண் இவற்றைத் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள்; பல பத்தாண்டுகள் கூரைக்கடியில் உலர்ந்த கட்டைதான் வெடிக்காது, நாதமும் நன்றாக வரும். எதை மாற்றலாம், எதில் கைவைக்கக் கூடாது என்பது கடைகிறவருக்கும் வாசிக்கிறவருக்கும் தெரிந்திருந்தது. துளை இடம் மாறலாம், நீளம் மாறலாம். நாதம் கெடக் கூடாது. அந்தத் தெரிவுக்குத்தான் நான் மரபு என்று பெயர் வைப்பேன்.

வயலின் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் அதை யாரும் கடைசிவரை யோசிப்பதில்லை. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1859), சென்னைப் பட்டணத்தில் மணலி முதலியாரின் ஆதரவில் இருந்த காலத்தில் ஓர் ஐரோப்பியரிடம் வயலின் கற்றார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்குச் சுவாதித் திருநாள் மகாராஜா தந்தத்தில் ஒரு வயலினே பரிசளித்தார். சீமையிலிருந்து வந்த வாத்தியம் இரண்டே தலைமுறையில் வாய்ப்பாட்டுக்கு நிழலாகிவிட்டது. ஆனால் எப்படி? தோளிலிருந்து இறக்கி, சம்மணமிட்டு உட்கார்ந்து, அதன் தலையை வலது கணுக்காலில் ஊன்றி, தந்திகளை ஸட்ஜம் பஞ்சமத்தில் சேர்த்து, விரலை வழுக்கி இழுத்துக் கமகத்தைப் பேசவைத்தார்கள். வந்தவனை வீட்டு வழக்கப்படி உட்காரவைத்துவிட்டார்கள்.

ஆர்மோனியத்துக்கு அது நடக்கவில்லை. 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை விலக்கியது. 1971இல்தான் அந்தத் தடை தளர ஆரம்பித்தது. அந்தத் தடையை ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் காலத்தில்தான் போட்டார்கள் என்பது வேடிக்கை. தடை சரியா என்பது வேறு விவகாரம். தமிழ் நாடக மேடை முழுக்க ஆர்மோனியத்தில் நின்றது, அதைத் தீண்டத்தகாததாக்கியது அக்கிரமம் என்றே நினைக்கிறேன். ஆனால் கர்நாடக சங்கீத வித்வான்கள் அதைத் தள்ளியதற்கு ஒரு காரணம் இருந்தது. கட்டைக்குக் கட்டை ஸ்வரம் நிலையாக நிற்கிறது. இரண்டு ஸ்வரத்துக்கு நடுவில் அசைய வழியில்லை. வயலினும் அந்நியம், ஆர்மோனியமும் அந்நியம். மரபு ஒன்றைச் சேர்த்தது, ஒன்றை நிறுத்தியது. வயசை வைத்தோ பிறந்த ஊரை வைத்தோ இந்தத் தீர்ப்பு வரவில்லை, காதை வைத்து வந்தது. பின்னால் உ. ஸ்ரீநிவாஸ் மாண்டலினையும் கத்ரி கோபால்நாத் சாக்ஸபோனையும் கொண்டுவந்தபோது முகம் சுளித்தவர்கள் அந்த வாத்தியங்களின் பாஸ்போர்ட்டைத்தான் பார்த்தார்கள். கேட்டவர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

இங்கே ஒரு நியாயமான குறுக்குக் கேள்வி வரும். இப்படிச் சொன்னால் யார் எதையும் செய்துவிட்டு மரபு என்று சொல்லிக்கொள்ளலாமே? முடியாது. ஆர்மோனியம் நின்றதே அதற்குச் சாட்சி. வருஷக்கணக்காக உள்ளே உட்கார்ந்து பழகிய காதும் கையும் எதையும் அனுமதிப்பதில்லை. கேட்பவர்களின் காதும் அப்படித்தான். உண்மையில் வெளியே நிற்கும் காவலர்தான் எதையும் அனுமதிப்பவர். பார்வைக்குப் பழசாக இருந்தால் போதும், விட்டுவிடுவார்.

கச்சேரியில் செல்போன் தம்புரா கேட்கிறதே, அது மட்டும் மோட்டார் இல்லையா என்றும் கேட்கலாம். மோட்டார்தான். தம்புராவின் வேலை கடைசிவரை மாறாமல் ஒலிப்பது, அதனால் இயந்திரத்திடம் கொடுத்தும் சமாளிக்க முடிகிறது. அப்போதும் பின்னால் தம்புரா மீட்டிக்கொண்டே குருவின் பாட்டை மணிக்கணக்கில் கேட்ட சிஷ்யப் பிள்ளை காணாமல் போய்விட்டான். அது நஷ்டம்தான். மேளம் வேறு, உள்ளே நடப்பதைப் பார்த்து வாசிப்பதே அதன் வேலை. பார்க்கக் கண்ணில்லாத ஒன்றிடம் அதைக் கொடுத்தோம்.

கோயில் கட்டடத்துக்கு வருவோம். மாறாமை பற்றிய பிடிவாதம் அங்கேதான் அதிகம். கண்டராதித்த சோழரின் மனைவி, உத்தம சோழனின் தாய், செம்பியன் மாதேவி பத்தாம் நூற்றாண்டில் காவிரிக் கரையில் எத்தனையோ செங்கல் கோயில்களை எடுத்துவிட்டுக் கற்றளியாகக் கட்டினார். இன்றைய அளவுகோலின்படி அந்த அம்மாள் மரபை இடித்தவர். தேவாரம் பாடியவர்கள் பார்த்த கோயிலை அவர் விட்டுவைக்கவில்லை. ஆனால் திருக்கோடிக்காவலில் அவர் செய்ததைப் பாருங்கள். பழைய கோயிலில் அங்குமிங்கும் கிடந்த கற்களில் முந்தைய அரசர் காலத்துத் தானங்கள் பொறிக்கப்பட்டிருந்தன: இன்னார் விளக்கெரிக்கப் பொன் கொடுத்தார், இன்னார் நிலம் விட்டார் என்று. அவற்றையெல்லாம் புதுச் சுவரில் திரும்ப வெட்டவைத்தார். அதுவும் தன் காலத்ததுபோல வெட்டவைக்கவில்லை, பழங்கல்லிலிருந்து எடுத்த படி என்று குறித்தே வெட்டவைத்தார். செங்கல் போகலாம், விமானத்தின் உருவம் மாறலாம். யாரோ ஒருவர் ஏற்றிவைத்த விளக்கு, அரசமரபே மாறினாலும் எரிய வேண்டும். அந்தக் கடன் தன்மேல் விழுந்திருக்கிறது என்று அந்த அம்மாளுக்குத் தெரிந்திருந்தது.

நம் காலத்துத் திருப்பணியை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வடிவத்தை அப்படியே காக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே மணல் வீச்சில் கல்லைச் சுத்தம் செய்தார்கள். தடை வருவதற்குள் எத்தனையோ சுவர்களில் எழுத்து மழுங்கிவிட்டது. கோபுரம் பளிச்சென்று இருக்கிறது. விளக்குக்கு நிலம் விட்டவனின் பெயர் இல்லை. நிலமும் இருக்கிறதா என்று அறநிலையத் துறையைத்தான் கேட்க வேண்டும்.

நாட்டியத்தில் இதே கதை இன்னும் கசப்பாக நடந்தது. அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று வரிசைப்படுத்தியவர்கள் தஞ்சை நால்வர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில். சதிர், சின்ன மேளம் என்று சொல்லப்பட்ட ஆட்டத்தில் நட்டுவனாரும் மத்தளக்காரரும் ஆடுபவளுக்குப் பின்னால் நின்று, அவளோடு முன்னும் பின்னும் நகர்வார்கள். 1930களில் அதற்குப் பரதநாட்டியம் என்ற பெயர் நிலைத்தது. ருக்மிணி தேவி அருண்டேல் 1935இல் அடையாறில் ஆடினார், அடுத்த ஆண்டு கலாக்ஷேத்திரம். பக்க வாத்தியம் ஓரத்தில் உட்கார்ந்தது, மேடையில் நடராஜர் வந்தார், உடை மாறியது, சிருங்காரம் அடக்கி வாசிக்கப்பட்டது. 1947இல் பொட்டுக்கட்டுவதைத் தடை செய்யும் சட்டம் வந்தது. முத்துலட்சுமி ரெட்டி அதற்காகப் போராடியது சரியே. சிறுபெண்களைக் கோயிலுக்குக் கட்டிவைப்பதற்கு எந்த மரபும் நியாயம் சொல்ல முடியாது. ருக்மிணி தேவியும் சும்மா எடுத்துக்கொள்ளவில்லை, பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்றுத்தான் ஆடினார். என் சண்டை அவர்களோடு இல்லை.

அதற்குப் பிறகு நாம் செய்ததோடுதான் சண்டை. கட்டிவைப்பதைத் தடுப்பதோடு நிற்காமல், ஆடிக்கொண்டிருந்த குடும்பங்களையே மேடையிலிருந்து இறக்கிவிட்டோம். பாலசரஸ்வதியைப் போல ஒருவர் இருவர் தாக்குப்பிடித்தார்கள். சிருங்காரத்தை வெட்டினால் இந்த ஆட்டத்தில் என்ன மிஞ்சும் என்று அவர் கடைசிவரை வாதாடினார். மற்ற வீடுகளில் சலங்கையைப் பரணில் போட்டுவிட்டு, பிள்ளைகளிடம் பேச்சே எடுக்காமல் இருந்துவிட்டார்கள். ஆள்களை அனுப்பிவிட்டு வடிவத்தை வைத்துக்கொண்டு, அரங்கேற்ற அழைப்பிதழில் ‘இரண்டாயிரம் ஆண்டு மாறா மரபு’ என்று அச்சடிக்கிறோம். அந்த 400 பேரின் பெயர் பெரிய கோயில் சுவரில் இருக்கிறது. அழைப்பிதழ்க்காரர்கள் போய் வாசித்துவிட்டு வரலாம்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு இன்னொரு கோஷ்டி குஷியாகிவிடும். பார்த்தீர்களா, எல்லாமே நேற்று முந்தாநாள் செய்தது, மரபு என்பதே கட்டுக்கதை, தூக்கிப் போடுங்கள் என்பார்கள். இவர்களும் காவலர்களும் ஒரே தராசைத்தான் பிடித்திருக்கிறார்கள். பழசாக இருந்தால்தான் மதிப்பு என்று அவர் நம்புகிறார். பழசில்லை என்று நிரூபித்துவிட்டால் மதிப்பு போய்விடும் என்று இவர் நம்புகிறார். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) கச்சேரிக்கு ஒரு புது வரிசை போட்டுக்கொடுத்தார்: எடுத்ததும் வர்ணம், விறுவிறுவென்று கீர்த்தனைகள், நடுவில் விஸ்தாரம், முடிவில் துக்கடாக்கள். நூறு வயசுதான் இருக்கும். அதனால் அது போலியாகிவிடுமா? அவருக்கு முன் மணிக்கணக்கில் பல்லவி பாடியவர்களிடமிருந்து அவர் எதைப் பெற்றார் என்பதைப் பாடிக் காட்டினார். பிறப்புச் சான்றிதழைக் காட்ட வேண்டியிருக்கவில்லை.

காவலர்களின் பயத்துக்கு அர்த்தமே இல்லை என்று சொல்ல மாட்டேன். நம்மிடம் தொலைந்தது கொஞ்சநஞ்சமில்லை. யாழ் தொலைந்தது. மட்டக்களப்புக்காரரான விபுலாநந்த அடிகள் பல ஆண்டு உழைத்து, சுவடிக்குள்ளும் உரைகளுக்குள்ளும் தேடி, கணக்குப் போட்டு, 1947இல் யாழ் நூலைத் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேற்றினார். அபாரமான ஆராய்ச்சி. அதைப் பார்த்து யாழ் செய்யலாம், செய்தும் இருக்கிறார்கள். ஆனால் யாழ் மரபு திரும்பி வரவில்லை. மீட்டத் தெரிந்த கையும், அந்தக் கையைத் திருத்தத் தெரிந்த இன்னொரு கையும் என்றைக்கோ போய்விட்டன. வடிவத்தைக் காப்பாற்றுவதுதான் மரபு என்றால், நமக்கு யாழ் இன்று கிடைத்திருக்க வேண்டும். ஓதுவார்கள் விஷயம் நேர் எதிர். பழைய பண் எப்படி ஒலித்தது என்று அறுதியிட முடியாது. கௌசிகத்தைப் பைரவியிலும் பழம்பஞ்சுரத்தைச் சங்கராபரணத்திலும் பாடுகிறார்கள். வடிவம் மாறித்தான் இருக்கிறது. ஆனால் ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் காதுக்குப் போய்க்கொண்டிருப்பதால் தேவாரம் இன்றும் உயிரோடு இருக்கிறது.

யார் வாய், யார் காது என்பதிலும் காவலர்கள் நினைப்பதைவிட மரபுக்குத் தாராள மனசு. ஆந்திராவில் கரவதி என்ற ஊரில் பிறந்த ஷேக் சின்ன மௌலானா (1924–1999), நாச்சியார்கோயில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் தஞ்சாவூர்ப் பாணியைக் கற்று, ஸ்ரீரங்கத்திலேயே குடியேறி, அங்கேயே ஒரு நாதஸ்வரப் பள்ளியும் வைத்தார். தொழுகையை விடாத முஸ்லிம், ரங்கநாதருக்கும் வாசித்தார். அவர் சிஷ்யர்கள் வாசிப்பதைக் கேட்டு அது எந்த மதத்து மூச்சு என்று யாராவது சொல்லட்டும், பார்க்கலாம்.

ஆகவே மரபைக் காக்க வேண்டும் என்று மெய்யாகவே நினைப்பவர்களுக்கு வேலை நிறைய இருக்கிறது. மேடையில் எந்த வாத்தியம் ஏறுகிறது என்று எண்ணிக்கொண்டிருப்பதில் அது இல்லை. பழனியில் தேவஸ்தானம் நடத்தும் நாதஸ்வர தவில் பள்ளி இருக்கிறது. அங்கே படித்துவிட்டு வரும் பையனுக்கும், இப்போது படிக்க வரும் பெண்ணுக்கும், எந்தக் கோயிலில் வேலை காத்திருக்கிறது? கல்யாண மண்டபத்தில் செண்டை மேளத்துக்கு நடுவே அரைமணி வாசித்துவிட்டு, சாப்பாட்டுப் பந்திக்குக் கடைசி ஆளாகப் போவதுதானே மிச்சம்?

அடுத்த குடமுழுக்கு அழைப்பிதழ் கைக்கு வந்ததும் ‘மங்கள இசை’ என்ற வரியைத் தேடிப் பாருங்கள். பெயர் போட்டிருந்தால், அவர் அந்தக் கோயிலின் நிரந்தர மேளக்காரரா, விழாவுக்காக இரண்டு நாள் அழைத்துவந்தவரா என்று அறங்காவலரிடம் விசாரியுங்கள். நிரந்தரம் என்றால் மாதச் சம்பளம் எவ்வளவு, அவரிடம் யாராவது கற்றுக்கொள்கிறார்களா என்றும் கேளுங்கள். கேட்கும்போது மண்டபத்து மூலையில் அந்த இரும்புச் சட்டம் நின்றால், அதன் உபயதாரரையும் விட வேண்டாம்: மோட்டாருக்குக் கொடுத்த பணத்தை ஒரு தவில்காரருக்குக் கொடுக்க ஏன் தோன்றவில்லை என்று அவர்தான் சொல்ல வேண்டும்.